நகைக்கு என்ன விலை?

தமிழ் மொழியில் 'நகை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை நேயர்கள் அறிவார்கள். ஒரு நகை கழுத்திலும் காதிலும் அணிந்து கொள்வது. மற்றொரு நகை முகத்திலே தானாக மலர்வது. முதல் நகைக்கு இன்றைய விலை இன்னதென்று பத்திரிகைகள் நாள்தோறும் தவறாமல் அச்சிடுகின்றன. கிராமுக்குப் பத்து ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும், நம் இல்லங்களில் அந்தச் செய்தி காப்பி ஆறுவதற்குள் பரவி விடுகிறது. இரண்டாவது நகைக்கு என்ன விலை என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. அதை விளைவித்துத் தருகிறவனுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று விசாரிப்பாரும் இல்லை. ஆகையால், இந்த வாரம் அந்த விசாரணையை நாமே மேற்கொள்ளலாம் என்று உத்தேசித்திருக்கிறோம்.

இந்த எண்ணம் நம் உள்ளத்தில் உதிப்பதற்குக் காரணமாயிருந்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். சென்ற ஆண்டு, நாம் ஆசிரியராகப் பணியாற்றும் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில் ஹரிச்சந்திர நாடகம் நடந்தது. ஹரிச்சந்திரனாக நடித்த பையன் மயான காண்டத்தில் உருகி உருகி அழுதான். சபையிலிருந்த தாய்மார்கள் முந்தானையால் கண்களைத் துடைத்துக் கொண்டார்கள். நாம் சொன்ன மாணவனுக்குக் கிடைத்தது நட்சத்திரேசன் வேஷம். கடனுக்குத் தவணை கேட்டு அரசனைப் பின்தொடர்ந்து வதைக்கும் அந்தத் தரகனை அவன் நடித்த நடிப்பில், முன் வரிசையில் வீற்றிருந்த தலைமை ஆசிரியரே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டு சிரித்தார். நடுவில் திரைக்கயிறு சிக்கிக் கொண்டு, மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் திரை நின்று போயிற்று. பத்து நிமிஷ நேரம் அந்தப் பையன் தனியாக மேடையில் நின்றான். சிக்கிய திரையையே கடன்காரனாகப் பாவித்து, "அசலும் வேண்டாம், வட்டியும் வேண்டாம், நீ இறங்கி வந்தால் போதும்" என்று அதனிடம் மன்றாடினான். சபையில் ஓர் ஆள் கூட எழுந்து போகவில்லை.

பரிசளிப்புக்கு நடுவர் மூவர். அவர்களில் நாமும் ஒருவர். வெள்ளிக் கோப்பையை ஹரிச்சந்திரனுக்குக் கொடுத்தோம். நட்சத்திரேசனுக்கு ஆறுதலாக ஒரு பேனா கொடுத்தோம். அதில் தவறு இருப்பதாக அப்போது நமக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் வகுப்பு முடிந்த பின் அந்தப் பையன் நம்மிடம் வந்து, மிகவும் மரியாதையாகவே, "ஸார், திரை சிக்கிக்கிட்டப்போ ஹரிச்சந்திரன் எங்கே இருந்தான்?" என்று கேட்டான்.

ஹரிச்சந்திரன் அப்போது திரைக்குப் பின்னால் சோடா அருந்திக் கொண்டிருந்தான். அது நமக்கும் தெரியும். ஆயினும் பையனுக்கு நம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

யோசித்துப் பார்த்தால், நாம் செய்த பிழை நம்முடைய பள்ளிக்கூடத்தோடு நிற்பதன்று. சினிமா உலகமும், அதற்குப் பரிசளிக்கும் சபைகளும், தேசத்தின் சர்க்காரும், டிக்கட்டு வாங்கும் ரஸிகர்களாகிய நாம் எல்லோரும் பல்லாண்டுகளாகச் செய்து வரும் பிழைதான் அது. அழ வைப்பவனுக்குக் கோப்பை. சிரிக்க வைப்பவனுக்குப் பேனா.

நம் முன்னோர்கள் இந்த வரிசையை இப்படி வகுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணும்போது நகையைத்தான் முதலில் நிறுத்தினார். அழுகை அதற்கு அடுத்தபடிதான் வந்தது. வடமொழியில் பரத முனிவர் ரஸங்களை எண்ணும்போதும் சிருங்காரத்துக்கு அடுத்த ஆசனத்தை ஹாஸ்யத்துக்கே அளித்தார். நம் தெருக்கூத்தில் விடிய விடிய ஆட்டத்தைக் கட்டிக் காப்பவன் கட்டியங்காரன். அரசனை வரவேற்பவனும் அவனே. அரசனைக் கேலி செய்பவனும் அவனே. உறங்கத் தொடங்கும் ஊராரை எழுப்புகிறவனும் அவனே. அவன் இல்லாவிட்டால் துரியோதனன் விழுவதற்கு முன்பே பார்வையாளர்கள் விழுந்து தூங்கியிருப்பார்கள்.

பின்னால் நாடகக் கம்பெனிகள் தோன்றின. அவற்றில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேஷங்களைப் பிரித்தார்கள். ராஜபார்ட்டு வேஷம் மாற்றிக்கொண்டு வரும் வரையில் சபையைக் கட்டிப் போட்டு வைப்பது பபூனுடைய பொறுப்பு. ஆனால் நோட்டீஸில் கொட்டை எழுத்து ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்குமே உரியது. பேசும் படம் வந்தபோது, பாட்டையும் வசனத்தையும் மாத்திரமல்ல, இந்த வரிசையையும் நாடகக் கொட்டகையிலிருந்து அப்படியே பெயர்த்து எடுத்துக் கொண்டு வந்து விட்டார்கள். 1935-ஆம் வருஷத்தில் 'பக்த நந்தனார்' படத்தில் நடிப்பதற்கு ஸ்ரீமதி கே.பி. சுந்தராம்பாளுக்கு லட்ச ரூபாய் சன்மானம் அளிக்கப்பட்டது என்பது பிரசித்தமான செய்தி. அந்த அம்மையாரின் குரலுக்கு லட்சம் ரூபாய் தகும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. பக்திக்கும் சோகத்துக்கும் லட்சம் என்று விலை தீர்ந்த காலத்தில், சிரிப்பைச் சில்லறைக் காசாகவே எண்ணினார்கள் என்பதுதான் நாம் சொல்ல வந்தது.

அந்தச் சில்லறைக் காசைத் தங்க நாணயமாக மாற்றியவர் ஒருவர் உண்டு. அவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1908-ஆம் வருஷத்தில் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்து, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்று, 1930-களின் நடுவில் சினிமாவில் பிரவேசித்தார். தமக்கு வேண்டிய ஹாஸ்யப் பகுதியைத் தாமே கற்பித்து, தம் குழுவினரையும் தம் மனைவி டி.ஏ. மதுரத்தையும் சேர்த்துக் கொண்டு, மூலக் கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு தனிக் கதையாகவே அதை அமைத்துக் கொடுப்பது அவர் வழக்கம். படம் தள்ளாடும் போலிருந்தால் அதில் கிருஷ்ணனுடைய ஹாஸ்யத்தைச் சேர்த்துத் தூக்கி நிறுத்துவது அக்காலத்துப் பட முதலாளிகள் கையாண்ட வழி. ஜெமினியின் 'சந்திரலேகா'வையே எடுத்துக் கொள்ளுங்கள். லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் சிக்கிச் சிறையிலிருந்த கிருஷ்ணன் 1947-ல் விடுதலையாகி வந்ததும், பெரும்பொருட் செலவில் வளர்ந்து கொண்டிருந்த அந்தப் படத்தின் கதையைத் திருத்தி, அவருக்கும் மதுரத்துக்கும் இடம் உண்டாக்கினார்கள். 1948-ல் வெளிவந்த அப்படத்தில் முரசுகளின் மேல் ஆடிய நடனமும் வாட்போரும் இருந்தன. சர்க்கஸும் யானைகளும் இருந்தன. அவ்வளவும் இருந்தும் கிருஷ்ணன் தேவைப்பட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிரிப்பை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் 1949-ல் வெளிவந்த 'நல்லதம்பி'யை நினைத்துப் பார்ப்பது நலம். அதில் வரும் 'கிந்தனார்' காலட்சேபம், நந்தனார் சரித்திரத்தைப் பின்பற்றி அமைந்த ஒரு பரிகாசம்தான். ஆனால் அந்தக் கதையில் தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் தேடிச் செல்வது கல்வியை. பள்ளிக்கூடத்து வாசலில் அவனுக்கு நேரும் அவமானத்தைக் காட்டி, அதே பள்ளிக்கூடம் பின்னால் அவனை வணங்கும்படி செய்கிறார் கலைவாணர். இதை ஒரு சோக நாடகமாக எடுத்திருந்தால் நாம் கண்ணீர் வடித்து விட்டு, அந்தக் கண்ணீரோடு நம் கடமையும் தீர்ந்ததென்று வீட்டுக்குப் போயிருப்போம். சிரித்தபடியால் வெட்கமும் உடன் வந்தது. உபாத்தியாயர்களாகிய நமக்கு அது சற்று அதிகமாகவே வந்தது.

கலைவாணர் 1957-ல் காலமானார். கிடைத்ததையெல்லாம் வாரி வழங்கி விட்டுப் போனார் என்பதை நாடறியும். சென்னையில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் பெயரால் அரங்கமும் இருக்கிறது. ஆதலால் ஹாஸ்ய நடிகருக்குப் புகழே கிடையாது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் எழுத்தாளராய், டைரக்டராய், பட முதலாளியாய், வள்ளலாய், சீர்திருத்தவாதியாய் ஒருவரே அவதாரம் எடுத்த பிறகுதான் ஹாஸ்ய நடிகருக்குச் சிலை எழுகிறது. அழுது நடிப்பவருக்கு அத்தனை அவதாரங்கள் தேவைப்படுவதில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் நாம் சுட்டிக் காட்டுகிறோம்.

"அப்படியானால் சிரிக்க வைப்பது அழ வைப்பதைக் காட்டிலும் கடினமா?" என்று ஒரு நேயர் கேட்கக் கூடும். 1964-ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் ஒரு காட்சியை அவர் நினைவுக்குக் கொண்டு வரட்டும். படமெடுக்கப் பணம் வேண்டும் மகன் நாகேஷ். கதையைக் கேட்க உட்கார்ந்த தந்தை டி.எஸ். பாலையா. நாகேஷ் ஒரு பேய்க் கதையைச் சொல்கிறார், பாலையா கேட்கிறார். அவ்வளவே காட்சி. பேயும் இல்லை, இடியும் இல்லை, மின்னலும் இல்லை. கேட்கிறவர் முகம் மாத்திரம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. ஒரு கணம் முந்தினால் கோமாளித்தனம். ஒரு கணம் பிந்தினால் சப்பென்று போகும். அழுகைக்கு வாத்தியங்கள் துணை நிற்கின்றன. பின்னணியில் வயலின் தானே அழுது நடிகனுடைய குறையை மூடி விடும். ஹாஸ்யத்துக்கு அப்படிப்பட்ட துணை கிடையாது. சோகக் காட்சி தோற்றால் பார்ப்பவன் மரியாதைக்காக மௌனமாக இருப்பான். அந்த மௌனத்தை உருக்கம் என்று நடிகன் நினைத்துக் கொள்ளலாம். ஹாஸ்யக் காட்சி தோற்றால் அதே மௌனம் அவனுக்குத் தூக்குத் தண்டனை. அறுபது வருஷங்களுக்குப் பின்னரும் அந்தப் படத்தின் காதலர்களைக் காட்டிலும் அந்தக் கதை சொன்ன காட்சிதான் நம் வீடுகளில் அதிகமாகப் பேசப்படுகிறது.

அடுத்த வருஷத்தில் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் ஏழைப் புலவர் தருமியாக வந்தார். எதிரே நின்றவர் சிவாஜி கணேசன். வேஷமோ சாக்ஷாத் பரமசிவன். ஆயிரம் பொற்காசு தமக்கில்லையே என்று மண்டபத்தில் தனியாகப் புலம்பும் தருமியைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் புலம்பல் பசியின் புலம்பல். சிரிப்புக்குள் பசியை ஒளித்து வைத்து, சிரித்து முடித்த பின் அதை நாம் கண்டெடுக்கும்படி செய்தாரே, அதற்கு எந்தத் தராசில் எடை போடுவது?

தேசத்தின் தராசு எப்படி எடை போட்டது என்பதைச் சொல்கிறோம், கேளுங்கள். 1994-ஆம் வருஷத்தில் நாகேஷ் நடித்த படங்களில் இரண்டை எடுத்துக் கொள்வோம். 'மகளிர் மட்டும்' படத்தில் அவர் பிணமாக நடித்தார். வசனமில்லை, கண்ணசைவு இல்லை, மூச்சு விடுவதும் தெரியக் கூடாது. அந்த நிலையில் கொட்டகை முழுவதையும் சிரிக்க வைத்தார். ஒரு நடிகனிடமிருந்து அவனுடைய ஆயுதங்கள் அனைத்தையும் பறித்துக் கொண்டு, இப்போது போர் செய் என்று சொன்னது போன்ற பரீட்சை அது. அதே வருஷத்தில் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த தந்தையாக நடித்து அழுதார். அவருடைய ஆயுளில் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது எந்த நடிப்புக்குக் கிடைத்தது? அழுததற்குத்தான். அந்த அழுகை உயர்ந்தது; பரிசு தகுதியானதே. ஆனால் அதற்கு முன் முப்பது வருஷங்களுக்கு மேலாக அவர் நம்மைச் சிரிக்க வைத்ததெல்லாம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டது?

மனோரமா அம்மையாரின் கதையும் இதுவே. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றவர் அவர். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில் ஜில் ரமாமணியாக அவர் நடந்து வந்த நடையை 1968 முதல் தமிழர்கள் மறக்கவில்லை. ஆனால் அவருக்குத் தேசிய விருது வந்தது 1989-ல் வெளியான 'புதிய பாதை'யில், உருக்கமான ஒரு வேஷத்துக்கு. இந்தத் தலைமுறையில் 2023-ஆம் வருஷத்தைப் பாருங்கள். 'மாமன்னன்' படத்தில் வடிவேலு சிரிக்காமல் நின்றார். 'விடுதலை'யில் சூரி அடியும் அவமதிப்பும் தாங்கி நின்றார். உடனே, "அடடா! இவர் இவ்வளவு பெரிய நடிகரா!" என்று எங்கும் வியப்பொலி எழுந்தது. அதற்கு முன் அவர்கள் என்ன செய்து கொண்டிருந்தார்களாம்? வெற்றிலை பாக்கு விற்றுக் கொண்டிருந்தார்களா? சிரிப்பவன் அழுது காட்டினால்தான் அவனுக்கு நடிகன் என்ற பட்டம் தருவது என்று நாம் ஒரு விதி வைத்திருக்கிறோம். அழுது நடிப்பவனிடம் போய், "எங்கே, ஒரு தடவை சிரிக்க வைத்துக் காட்டு, அப்புறம் உன்னை நடிகன் என்று ஒப்புக் கொள்கிறோம்" என்று நாம் கேட்டதுண்டா?

இங்கே ஒரு விசித்திரத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'காதலிக்க நேரமில்லை' ஹிந்தியில் 'பியார் கியே ஜா' என்று 1966-ல் வெளிவந்தது. நாகேஷ் நடித்த வேஷத்தை அங்கே மெஹ்மூத் நடித்தார். அடுத்த வருஷத்தில் பம்பாயின் பிலிம்பேர் பத்திரிகை ஹாஸ்ய நடிப்புக்கென்று ஒரு பரிசைப் புதிதாக ஏற்படுத்தியது. முதல் பரிசு மெஹ்மூதுக்கு, அந்த வேஷத்துக்கே கிடைத்தது. நம் தமிழ்நாட்டுச் சர்க்காரின் விருதுகளில் நகைச்சுவைக்குத் தனி இடம் உண்டு. தேசிய விருதுகளிலோ அப்படியொரு பிரிவே இல்லை. தேசத்தின் பெயரால் கொடுக்கப்படும் பரிசில் தேசத்தின் சிரிப்புக்கு இடமில்லை என்பது நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

இனிக் கூலியின் கதைக்கு வருவோம். படம் எடுக்கப்படுவதற்கு முன்பே விநியோகஸ்தர்கள் அதை ஏரியா ஏரியாவாகப் பேசி வாங்குவது நம் சினிமாவில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். அப்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கதாநாயகன் யார்?" என்பது. ஆதலால் படத்தின் விலையே கதாநாயகன் பெயரின் விலையாகி விட்டது. அந்த விலையில் பெரும் பங்கும் அவனையே சேர்ந்தது. ஹாஸ்ய நடிகருக்கோ அநேகமாக நாட்கணக்கு; இத்தனை கால்ஷீட்டு, இத்தனை ரூபாய். படம் வெள்ளி விழாக் கொண்டாடினாலும் அவருக்கு அதே நாட்கூலிதான். நாட்கூலிக்காரன் என்ன செய்வான்? ஒரே நாளில் மூன்று படப்பிடிப்புகளுக்கு ஓடுவான். ஓடி ஓடி நடித்தால், "இவர் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி நடிக்கிறார்" என்று நாமே குறை கூறுவோம்.

மேலும், வசனத்தைக் கற்பித்தவன் யார் என்ற கேள்வி இருக்கிறது. கலைவாணர் காலம் முதல், ஹாஸ்யப் பகுதி பெரும்பாலும் கதாசிரியர் எழுதித் தருவதன்று. நடிகரும் அவர் குழுவினரும் படப்பிடிப்புத் தலத்தில் கூடிப் பேசிப் பிறப்பிப்பது அது. 1989-ல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தில் கவுண்டமணியும் செந்திலும் நடித்த வாழைப்பழக் காட்சியைப் பாராமுகமாய்ச் சொல்லத் தெரியாத தமிழ்ச் சிறுவன் இல்லை. அவ்விருவருக்கும் நகைச்சுவைப் பகுதி எழுதித் தந்த ஏ. வீரப்பன் என்னும் நடிகரின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? அழுகை வசனம் எழுதியவர்களின் பெயர் பட்டி தொட்டியெல்லாம் முழங்குகிற நாட்டில் இது நிகழ்ந்தது.

1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தினார்கள். பாட்டெழுதுகிறவர்களுக்கும் இசையமைக்கிறவர்களுக்கும் அவர்கள் உழைப்பின் பிற்பயனில் ஒரு பங்கு உண்டு, அதை முழுவதுமாக எழுதி வாங்கிக் கொள்ள முடியாது என்று அத்திருத்தம் நிலைநாட்டியது. மிகவும் நல்ல காரியம். ஆனால் நின்ற இடத்தில் ஒரு வேடிக்கையைக் கற்பித்துச் சொன்ன ஹாஸ்ய நடிகரின் பெயர் வசனகர்த்தா என்று எங்கும் எழுதப்படுவதில்லை; பெயர் இல்லாத இடத்தில் பங்கு கேட்பது எங்ஙனம்? இருபத்து நான்கு மணி நேரமும் ஹாஸ்யக் காட்சிகளையே ஒளிபரப்பும் தொலைக்காட்சி அலைவரிசைகள் நம் நாட்டில் தோன்றின. கைத்தொலைபேசியில் வடிவேலுவின் முகம் அனுப்பாமல் தமிழர்களுக்குச் சண்டை போடவும் தெரியவில்லை, சமாதானமாகவும் தெரியவில்லை. அழுகைக் காட்சிகளை மாத்திரம் வெட்டித் தொகுத்து ஒளிபரப்பிய அலைவரிசை உண்டா என்று கேட்கலாமென்றால், அந்த வேலையை நெடுந்தொடர்கள் செய்கின்றன என்று குறும்புக்கார நேயர் பதில் எழுதி விடுவார். ஆகையால் கேட்கவில்லை.

இந்த நோய் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதா என்றால், அல்ல. அமெரிக்காவில் சார்லி சாப்ளின் 1914-ல் கீஸ்டோன் கம்பெனியில் சேர்ந்தபோது வாரச் சம்பளம் 150 டாலர். இரண்டு வருஷம் கழித்து, 1916-ல், மியூச்சுவல் கம்பெனி அவருக்கு வாரம் 10,000 டாலரும், அதற்கு மேல் 150,000 டாலர் முன்பணமும் கொடுத்தது. 1919-ல் மூன்று நண்பர்களுடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற சொந்த ஸ்தாபனத்தையே நிறுவினார். படம் தம் சொத்தாக இருந்தபடியால் கூலி விஷயத்தில் அவர் தோற்கவில்லை. ஆனால் கௌரவம்? 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்துக்காகச் சிறந்த நடிகர் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1972-ல், 82-வது வயதில், கௌரவ ஆஸ்கார் அளித்துக் கைதட்டினார்கள். மறு வருஷத்தில் போட்டியில் வென்ற ஆஸ்கார் ஒன்றும் வந்தது. ஆனால் அது நடிப்புக்காக அன்று, 'லைம்லைட்' படத்தின் இசைக்காக! பஸ்டர் கீட்டன் நிலை இன்னும் பரிதாபம். 'தி ஜெனரல்' என்னும் அற்புதத்தை 1926-ல் உண்டாக்கிய அவர், 1928-ல் சுயேச்சையை விட்டு எம்.ஜி.எம். கம்பெனியின் சம்பளக்காரரானார். படத்தின் மேலிருந்த அதிகாரம் போயிற்று. அதைத் தொடர்ந்து பெயரும் மங்கிற்று. 1960-ல் அவருக்கும் ஒரு கௌரவ ஆஸ்கார் வந்து சேர்ந்தது. சிரிப்பை விளைவிப்பவன் நிலத்துக்குச் சொந்தக்காரனாக இருந்தால் பிழைக்கிறான். கூலியாளாக இருந்தால் விளைச்சல் பிறருடையதாகிறது. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

நியாயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். படம் தோற்றால் பழி கதாநாயகன் தலையில்தான் விடிகிறது; ஹாஸ்ய நடிகரைக் குறை சொல்லுவாரில்லை. பொறுப்பு அதிகமுள்ள இடத்தில் சம்பளம் அதிகமாயிருப்பது இயற்கை. ஹாஸ்ய நடிகர்களிலும் செல்வத்தில் திளைத்தவர்கள் உண்டு. 2006-ல் 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' வந்தபோது வடிவேலுவே கதாநாயகனாக நின்று கொட்டகைகளை நிரப்பினார். அன்றியும், ஹாஸ்யம் என்ற பெயரால் கறுப்பையும் பருமனையும் ஊனத்தையும் பெண்ணையும் இகழ்ந்து காசு சேர்த்த பாவமும் நம் சினிமாவுக்கு உண்டு. அந்த வகைச் சிரிப்புக்கு நாம் பரிந்து பேச வரவில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். ஒரு தொழிலைச் சில்லறை என்று மதித்து நடத்தினால், அதில் சில்லறைத்தனம் தோன்றுவதில் ஆச்சரியம் என்ன? மதிப்பில்லாத இடத்தில் பொறுப்பு வளராது. பாடி, ஆடி, நடித்து, டைரக்டராகவும் இருந்து பார்த்த ஜே.பி. சந்திரபாபுவைப் போன்ற ஒரு மேதை 1974-ல் வறுமையில் மறைந்தார் என்றால், அந்தக் கதையைக் கேட்கும் இளைஞன் அந்த வழியில் கால் வைப்பானா?

ஆகவே, நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஹாஸ்யப் பகுதியைக் கற்பித்தவர் பெயரை, வசனகர்த்தாவின் பெயரோடு சமமாகப் படத்தில் போட வேண்டும். அந்தப் பகுதியைத் தனியே வெட்டி விற்றுப் பணம் வரும் போதெல்லாம் அவருக்கும் ஒரு பங்கு போய்ச் சேர வேண்டும். தேசிய விருதுகளில் நகைச்சுவை நடிப்புக்கு ஓர் ஆசனம் போட வேண்டும். இவை சர்க்காரும் முதலாளிகளும் செய்ய வேண்டியவை. ரஸிகர்களாகிய நாம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. வயிறு குலுங்கச் சிரித்து விட்டு எழுந்திருக்கும்போது, "படத்தில் ஒன்றுமில்லை, வெறும் காமெடிதான்" என்று சொல்லும் அந்த 'வெறும்' என்ற ஒரு சொல்லை விட்டு விட வேண்டும்.

இனி நம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவோம். இந்த ஆண்டு நாடகத்துக்கு வேஷம் பங்கிடும் வேலை சென்ற வாரம் நடந்தது. நட்சத்திரேசனாக நடித்த பையனை நாமே கூப்பிட்டு, "விதூஷகன் வேஷம் உனக்குத்தான், அப்பா!" என்றோம். அவன் தரையைப் பார்த்துக் கொண்டே, "வேண்டாம், ஸார். எனக்கு அழுகிற வேஷம் குடுங்க" என்றான்.

நாம் சற்று நேரம் பேசாமல் நின்றோம். ஒரு வெள்ளிக் கோப்பையினால் ஒரு கட்டியங்காரனைக் கொன்று விட்டோம் என்று நமக்குப் பட்டது. உடனே தலைமை ஆசிரியரிடம் சென்று, இவ்வாண்டு கோப்பைகள் இரண்டு வேண்டும், சோகத்துக்கு ஒன்று, நகைச்சுவைக்கு ஒன்று என்று விண்ணப்பித்துக் கொண்டோம். அவர் பள்ளிக்கூடத்து வரவு செலவை நினைத்து முகம் சுளித்தார். "ஹாஸ்யத்துக்கும் வெள்ளிக் கோப்பையா?" என்று கேட்டார். "இரண்டையும் பித்தளையிலேயே செய்யலாம், ஸார். எடை மாத்திரம் ஒன்றாக இருக்கட்டும்" என்றோம். அவர் சிரித்து விட்டார், சம்மதமும் தந்தார்.

பையனிடம் செய்தியைச் சொல்லியிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறான்.